ஐந்து மங்கலான வளையங்கள்

ஆய்வகத்தில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தலைமுடிப் பருமனே இருந்த ஓர் உலோகத் துணுக்கை ஊசிமுனையில் ஒட்டி எடுத்து, அதைவிடக் கொஞ்சமே பெரிய ஓட்டைக்குள் முதல் தடவையிலேயே இறக்கிக் காட்டினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் கடந்த ஒன்பது வருஷமாக அவள் கையில் ஊசி இல்லை. பின்பக்க அறையில் உட்கார்ந்து வைரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஆய்வகத்தின் வேலையே நசுக்குவதுதான். இரண்டு வைரங்களின் நுனியைத் தட்டையாகச் சீவி எதிரும் புதிருமாக வைப்பார்கள். நடுவில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. தகட்டில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதற்குள் ஆராய வேண்டிய உலோகம், அதாவது 'மாதிரி'. உள்ளங்கையில் அடங்குகிற இந்தச் சாதனத்தை 'செல்' என்பார்கள். நாலு பக்கத் திருகையும் திருகத் திருக வைரங்கள் நெருங்கி வரும், உள்ளே இருப்பது நசுங்கும். கூடவே தூசி அளவுக்கு ஒரு மாணிக்கக் கல்லையும் போட்டிருப்பார்கள். லேசர் பட்டால் அது ஒளிரும், அந்த ஒளியின் நிறம் நகர்வதை வைத்து அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வைரத்தின் வழியாக எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் மறுபக்கப் படத்தில் வளையம் வளையமாக விழும். வளையங்களின் அளவை எடுத்துக் கணக்குப் போட்டால், உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கிக்கொண்டிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

அவர்கள் நசுக்கியது பொட்டாசியம். வெண்ணெயைப் போலக் கத்தியால் வெட்டலாம். ஆனால் காற்றும் ஈரமும் அதற்கு ஆகவே ஆகாது. பட்ட கொஞ்ச நேரத்தில் பளபளப்பெல்லாம் போய்ச் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். அதனால் எதோடும் சேராத ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், பெட்டியோடு பொருத்திய தடித்த ரப்பர் கையுறைகளில் கையை நுழைத்துத்தான் அதைத் தொட முடியும். அந்தக் கையுறையோடு ஊசி பிடித்துத் துணுக்கைச் செல்லுக்குள் வைப்பது, அவர்கள் பேச்சில் 'ஏற்றுவது', எல்லாருக்கும் வராது.

சும்மா இருக்கும்போது பொட்டாசியத்தின் அணுக்கள் ரொம்ப எளிமையாக அடுக்கியிருக்கும். கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஒவ்வொன்று, நட்ட நடுவில் ஒன்று. காற்றின் அழுத்தத்தைப் போல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மடங்கைத் தாண்டினால் நடுவில் இருந்த இடம் காலியாகி, ஆறு பக்கங்களின் மத்தியிலும் ஒவ்வொன்று வந்து உட்காரும். அதுவரை ஆய்வகத்துக்குத் தெரிந்த கதை. அதற்கும் மேலே போனால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிளம்பினார்கள்.

ஆய்வகத் தலைவருக்கு முதுகுக்குப் பின்னால் 'சுருக்கர்' என்று பெயர். யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா" என்பார். மூளைக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். அந்தத் தடவை இரண்டு லட்சம் மடங்கு அழுத்தத்தில் பழைய வளையங்கள் மறைந்து, புதிதாக நிறைய வந்தன. சுருக்கர் பத்து நாள் உட்கார்ந்து, பெரும்பாலான வளையங்களுக்குப் பொருந்துகிற ஓர் அடுக்கைக் கண்டுபிடித்தார். அணுக்கள் சேர்ந்து ஒரு சட்டகம் கட்டியிருந்தன. சட்டகத்தின் நடுவே நீளமாகக் குழாய் போன்ற வெற்றிடங்கள் ஓடின. ஐந்து மங்கலான வளையங்கள் மட்டும் எந்தக் கணக்குக்கும் மசியவில்லை.

"மாதிரியில அழுக்கு" என்றார் சுருக்கர். "ஏத்தும்போது காத்து பட்டிருக்கு."

"படலைங்க" என்றாள் ஊசியக்கா. "பெட்டியோட ஈர அளவை நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

"அளவு சரியா இருக்கலாம். கை சரியா இருக்கணுமே."

திரும்பவும் ஏற்றச் சொன்னார். ஏற்றினாள். அதே ஐந்து வளையங்கள், அதே இடத்தில். சுருக்கர் பதிவேட்டை எடுத்து, 'மாதிரி மாசு. ஏற்றும்போது கவனக்குறைவு' என்று எழுதினார். இரண்டாம் தடவைக்கும் அதே வரி. அடுத்த மாதம் அவளைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். பொட்டாசியத்தை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டுச் சுருக்கர் வேறு உலோகத்துக்குப் போய்விட்டார்.

வேலையை விட்டிருக்கலாம். வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவள் விடவில்லை. "நான் போயிட்டா அது உண்மைன்னு ஆயிடும்" என்றாள்.

பின்பக்க அறைக்குச் சன்னல் கிடையாது. ஒரு மேசை, ஒரு மைக்ராஸ்கோப், பஞ்சு, ஆல்கஹால் பாட்டில், சின்னச் சின்னப் பெட்டிகளில் வைரங்கள். எந்த வைரத்தில் கீறல், எதில் விளிம்பு உடைந்திருக்கிறது, எது இன்னும் தாங்கும் என்று பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். அந்த வேலையையும் அவள் ஏனோதானோ என்று செய்யவில்லை. அவள் 'தாங்காது' என்று எழுதி வைத்த வைரத்தை யாராவது எடுத்துப் போனால் அது சொல்லி வைத்தாற்போல உடைந்து வந்தது.

இந்த வருஷம் ஆய்வகத்தின் பழைய கணினியைத் தூக்கிப் போட முடிவு செய்தார்கள். அதில் இருந்த படங்களை எல்லாம் புதியதற்கு மாற்றும் வேலை, 'கணக்கு' என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆராய்ச்சியாளனிடம் வந்தது. முப்பத்தைந்து வயது, எதையும் எண்ணாகப் பார்க்கிறவன். மாற்றுவதோடு நிற்காமல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தான். ஒரு மத்தியானம் கையில் இரண்டு தாளோடு பின்பக்க அறைக்கு வந்தான்.

"அக்கா, இந்தப் பொட்டாசியத்தை யார் ஏத்தினது?"

அவளுக்குத் தேதியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. "நான்தான். அழுக்கா ஏத்தினேன்னு எழுதியிருக்குமே."

"எழுதியிருக்கு. ஆனா அழுக்குன்னா அந்த அஞ்சு வளையமும் இவ்வளவு ஒழுங்கா இருக்காதுக்கா." அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அஞ்சையும் தனியா எடுத்துப் பார்த்தேன். அதுக்கு ஒரு சொந்த இடைவெளி இருக்கு. அந்தச் சட்டகத்துல குழாய் மாதிரி காலி இடம் இருக்கு பாருங்க, அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் அணு வரிசையா நிக்குது. சங்கிலி மாதிரி. குழாய் ஒரு அளவுல போகுது, உள்ள இருக்கற சங்கிலி வேற அளவுல போகுது. ரெண்டும் எங்கயுமே ஒத்துப் போகாது. எவ்வளவு நீளத்துக்குப் போனாலும் சரி."

"எல்லாம் பொட்டாசியம்தானே? உள்ள வேற எதுவும் இல்லையே?"

"எல்லாமே பொட்டாசியம்தான்."

"அப்ப ஒரே வீட்டுக்குள்ள தனிக்குடித்தனமா?"

கணக்கு சிரித்துவிட்டான். "அப்படியே வச்சுக்கங்க. வேற ஒரு உலோகத்துல இதே மாதிரி கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. போன வாரம்தான் படிச்சேன். படிச்சதும் இந்த அஞ்சு ஞாபகம் வந்துச்சு."

ஊசியக்கா கையில் இருந்த வைரத்தைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்தது. "அப்ப அது அழுக்கு இல்ல."

"இல்லைன்னு நினைக்கிறேன்."

"நினைக்கறது வேணாம். தெரிஞ்சப்பறம் வா" என்று சொல்லி அடுத்த பெட்டியைத் திறந்தாள். அவன் போன பிறகு கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே இருந்தாள். எதையும் பார்க்கவில்லை.

கணக்கு தாள்களைச் சுருக்கரிடம் கொண்டுபோனான். அவர் இந்தத் தடவை சுருக்கமாக என்று சொல்லவில்லை, முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அழகா இருக்கு. அழகா இருக்கறதுனால உண்மை ஆயிடாது" என்றார். "அழுக்கா இருந்தா குறைஞ்ச அழுத்தத்துலயே அந்த வளையம் தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னு நீ சொல்றே. ஆனா அந்தப் படமெல்லாம் சும்மா பத்து நிமிஷம் எடுத்தது. மங்கலான எதுவும் அதுல விழாது. அழுக்கு ஆரம்பத்துலேருந்தே இருந்து, நாம பார்க்காம விட்டிருக்கலாம் இல்லையா?"

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும், ஒவ்வொரு அழுத்தத்திலும் ஆறு ஆறு மணி நேரம் படம் எடுக்க வேண்டும். பொட்டாசியம் ஏற்றத் தெரிந்த இன்னொருத்தர் போன வருஷமே வேலையை விட்டுப் போயிருந்தார். மிச்சம் இருந்தது ஊசியக்கா.

"மாட்டேன்" என்றாள் அவள். "வேற ஆளைப் பாருங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். அன்றைக்கு மாலை ஷிப்ட். கேட்டுக்கொண்டிருந்தது நாத்தனார்தான். பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை. வாய் நீளம், மனசு தங்கம்.

"ஏன் அண்ணி மாட்டேன்னீங்க?"

"ஒன்பது வருஷம் கழிச்சு, அவங்களுக்கு வேணும்னா கூப்பிடுவாங்களா?"

"அவங்களுக்கா வேணும்? அந்தப் பதிவேட்டுல இருக்கறது உங்க கை. எங்க டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிட்டு, நான்தான் தப்பான இடுக்கி கொடுத்தேன்னு எழுதி வச்சா நான் சும்மா இருப்பேனா? அந்தப் பல்லைத் தேடிக் கண்டுபிடிச்சு அவர் மேசை மேல வச்சிட்டுத்தான் வருவேன்."

"திரும்ப அதே அஞ்சு வளையம் ஆரம்பத்துலயே வந்துச்சுன்னா?"

நாத்தனார் வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அண்ணி, அதுதான் பயமா?"

ஊசியக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தாள். அதுதான் பயம். ஒன்பது வருஷத்தில் எத்தனையோ தடவை அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருந்திருக்குமோ, ஊசியைச் சரியாகக் காய வைக்கவில்லையோ என்று.

மறுநாள் காலையில் நேராகச் சுருக்கரின் அறைக்குப் போனாள். "ஏத்தறேன். ஆனா ரெண்டு விஷயம். நான் செய்யறதை முதல்லேருந்து கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துல நின்னு பார்க்கணும். பதிவேட்டை அங்கேயே, அப்பப்பவே, உங்க கையால எழுதணும்."

சுருக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான் சாட்சி."

"ஆமா."

"சரி" என்றார். அவர் வாழ்நாளில் அதைவிடச் சுருக்கமாக எதையும் சொன்னதில்லை என்று கணக்கு பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

வேலை திங்கட்கிழமை காலை தொடங்கியது. கையுறைகளை முதலில் சோதித்தாள். பெட்டியின் ஈர அளவு கீழே இறங்கும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தாள். சுருக்கர் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றார். பொட்டாசியக் கட்டியின் மேல்தோலைச் சீவி எறிந்தாள். அடியில் வெள்ளிபோல் தெரிந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டினாள். அதையும் நாலாகச் சீவி நடுப்பாகத்தை மட்டும் எடுத்தாள். ஊசிமுனை துணுக்கைத் தொட்டபோது அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு கை என்ன செய்யுமோ என்று அவளுக்கே தெரியவில்லை. கைக்கு வேலை மறக்கவில்லை. ஆனால் துணுக்கு ஓட்டையின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. எடுத்து எறிந்துவிட்டு வேறு வெட்டினாள். அதுவும் சரியாக விழவில்லை. மூன்றாவது விழுந்தது. மாணிக்கத் துகளைப் பக்கத்தில் வைத்துச் செல்லை மூடினாள். சுருக்கர் மூன்று முயற்சியையும் எழுதினார்.

செவ்வாய், புதன், வியாழன். காலை எட்டு மணிக்கு எக்ஸ்ரேயைத் திறந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு படம். முதல் படத்தில் எளிய அடுக்கின் வளையங்கள் மட்டும் இருந்தன. இரண்டாவதிலும் அதேதான். கணக்கு படத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, மங்கலாக ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தான். இல்லை. அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஊசியக்கா, "இன்னும் மேல போகல" என்றாள்.

வெள்ளிக்கிழமை செல்லின் அழுத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் மடங்கை எட்டியிருந்தது. திருகுகிற வேலை எப்போதும் சுருக்கருடையது. நாலு திருகையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் கடுகளவு திருக வேண்டும். அன்று அவருக்குள் பழைய அவசரம் வந்துவிட்டது. ஒரே பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகிவிட்டார்.

'டிக்' என்று ஒரு சத்தம். நகம் வெட்டினால் கேட்கிற அளவுதான்.

ஊசியக்கா செல்லை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். மேல் வைரத்தில் குறுக்கே ஒரு கோடு. பொட்டாசியம் பிதுங்கி வெளியே வந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கத் தொடங்கியது.

"போச்சு" என்றாள்.

சுருக்கர் திருகுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மேசைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து எழுதினார். கணக்கு எட்டிப் பார்த்தான். 'வைரம் உடைந்தது. திருகும்போது கவனக்குறைவு.' கீழே தன் கையெழுத்து. ஊசியக்காவும் படித்தாள்.

"இன்னொரு ஜோடி இருக்கா?" என்று கேட்டார் அவர். குரல் தணிந்திருந்தது.

"இருக்கு. ஒண்ணே ஒண்ணு. தாங்கும்." கொஞ்சம் யோசித்து, "ஆனா திருகறது நான்" என்றாள்.

"சரி."

அடுத்த வாரம் மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை துணுக்கு முதல் முயற்சியிலேயே விழுந்தது. திருகுகளை அவள் திருகினாள். ஒவ்வொரு திருகுக்கும் இடையில் பத்து நிமிஷம் சும்மா இருந்தாள். சுருக்கர் கடிகாரத்தைப் பார்ப்பதும் கையைக் கட்டிக்கொள்வதுமாக இருந்தார், வாயைத் திறக்கவில்லை. ஒரு லட்சம் மடங்கில் மங்கலாக எதுவும் இல்லை. ஒன்றரை லட்சத்திலும் இல்லை. ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் ஆறு மணி நேரப் படத்தில்கூட ஒன்றும் இல்லை.

இரண்டு லட்சத்தைத் தாண்டிய அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் படம் திரைக்கு வந்தது. பழைய வளையங்கள் மறைந்து போயிருந்தன. சட்டகத்தின் வளையங்கள் பளிச்சென்று நின்றன. அவற்றுக்கு இடையில், இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற மாதிரி, ஐந்து.

கணக்கு விரல் வைத்து எண்ணினான். இரண்டு தடவை எண்ணினான்.

"இறக்கிப் பாருங்க" என்றார் சுருக்கர். "அழுத்தத்தைக் குறைச்சா அதுவும் போகணும். அழுக்குன்னா அங்கேயே இருக்கும்."

மறுநாள் இறக்கினார்கள். சட்டகம் கலைந்து பழைய எளிய அடுக்கு திரும்பி வந்தது. ஐந்து வளையங்களும் அதோடு போய்விட்டன. அதற்கு அடுத்த நாள் அழுத்தத்தைத் திரும்பக் கூட்டினார்கள். திரும்ப வந்தன.

சுருக்கர் தன் அறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்துப் பின்பக்க அறைக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. சன்னல் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தவர்போலச் சுவரைப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லணும்னா, தப்பு என்னோடது" என்றார்.

"சுருக்கமா வேணாங்க" என்றாள் ஊசியக்கா. "விரிவா எழுதுங்க. பழைய பதிவேட்டுல, அந்த வரிக்குக் கீழயே."

அவர் எழுதினார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். என்ன பார்த்தோம், எதை அழுக்கு என்று நினைத்தோம், அப்படி நினைத்ததற்கு ஆதாரம் ஒன்றும் இருக்கவில்லை, ஏற்றியவர் அப்போதே ஈர அளவுகளைக் காட்டியும் பார்க்கவில்லை, என்று. அவள் படித்தாள். ஓர் இடத்தில் ஓட்டையின் அகலத்தைத் தப்பாக எழுதியிருந்தார். அதை அடித்துத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அழவேண்டும் போல இருந்தது. அவர் போன பிறகும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்பது வருஷத்தை அந்த ஒரு பக்கம் திருப்பித் தராதே. அன்று ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பி, வீட்டுக்குப் போகிற தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"வந்துச்சா?" என்று வாசலிலேயே கேட்டாள் நாத்தனார்.

"வந்துச்சு. எப்ப வரணுமோ அப்பதான் வந்துச்சு."

நாத்தனார் உள்ளே திரும்பி, "அண்ணா, அண்ணி அழுக்கு இல்லையாம்!" என்று கத்தினாள். வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, "அது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். அதற்கு அப்புறம்தான் ஊசியக்காவுக்கு அழுகை வந்தது. அவர் அன்று வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனார்.

இதைப் பற்றி ஆய்வு இதழுக்கு அனுப்பிய கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. நடுவில் இருந்தது அவளுடையது. நன்றி சொல்கிற பட்டியலில் போடலாமே என்று யாரோ கேட்டதற்குச் சுருக்கர், "அவங்க இல்லைன்னா மாதிரியே இல்ல" என்று முடித்துவிட்டார். இதழ்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்று, மாதிரி எப்படித் தயாரிக்கப்பட்டது, விளக்கவும் என்பது. அந்தப் பதிலை ஊசியக்கா சொல்லச் சொல்லக் கணக்கு எழுதினான். ஒன்றரைப் பக்கம் வந்தது. சுருக்கர் ஒரு வரியைக்கூட வெட்டவில்லை.

பின்பக்க அறையை அவள் முழுசாக விட்டுவிடவில்லை. வைரத்தைப் பிரிக்கிற வேலையை வேறு யார் செய்தாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. காலையில் ஏற்றுகிற வேலை, மத்தியானம் வைரம் என்று பேசி வாங்கிக்கொண்டாள். சன்னல் உள்ள அறைக்கு மைக்ராஸ்கோப்பை மாற்றித் தரச் சொன்னாள். தந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் சீசியம் வந்தது, மூடி உருக்கி ஒட்டிய ஒரு கண்ணாடிக் குழாய்க்குள். கையில் கொஞ்ச நேரம் பிடித்தாலே இளகி ஓடிவிடுகிற உலோகம். சுருக்கர் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"இதை எப்படிங்க ஏத்தறது?" என்று கேட்டார்.

அவள் குழாயைத் துணியால் சுற்றி வாங்கிக்கொண்டாள். "முதல்ல கையை எடுங்க. உங்க சூட்டுலயே உருகிடும்" என்றாள். "அப்பறம் அறையைக் குளிர வைக்கச் சொல்லுங்க. நாளைக்குச் சொல்றேன்."